ஜெராய் மலைக்கு எந்த மாதம், எந்த மணி?

பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் மாணவர்களிடமிருந்து ஒரே கேள்வி வரும்: “டீச்சர், ஜெராய் மலை ஏறப் போகலாமா?” போகலாம் என்றோ வேண்டாம் என்றோ ஒரு சொல்லில் பதில் சொல்ல முடிவதில்லை. நான் திருப்பி இரண்டு கேள்விகள் கேட்பேன். எந்த மாதம் போகிறீர்கள்? எத்தனை மணிக்குக் கீழே இறங்கி விடுவீர்கள்? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால்தான் மலை ஏறுவதைப் பற்றிப் பேச முடியும். விடை கண்டுபிடிக்கத் தேவையான அறிவியல் முழுவதும் உங்கள் இடைநிலைப்பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

சுங்கைப் பட்டாணியில் வீட்டு வாசலில் நின்றாலும் பேருந்து நிலையத்தில் நின்றாலும் வடமேற்கே தெரிவது குனோங் ஜெராய். உயரம் 1,217 மீட்டர். பழந்தமிழர் கடாரம் என்று அழைத்த இந்தக் கரைக்குக் கப்பலில் வந்தவர்களுக்கு இதுவே அடையாள மலை. சமவெளியில் தனியாக எழுந்து நிற்பதால் கடலில் வெகு தூரத்திலிருந்தே தெரியும். உச்சிக்கு அருகே வரை தார்ச் சாலை போகிறது. அதனால்தானோ என்னவோ, நம்மில் பலர் இதை ஒரு மலையாகவே மதிப்பதில்லை. பெரிய பூங்கா என்று நினைத்துச் செருப்போடு கிளம்பி விடுகிறோம்.

இப்போது இன்னொரு மலையைப் பாருங்கள். ஜப்பானில் ஷிகா மாநிலத்தில் இபுக்கி என்று ஒரு மலை இருக்கிறது. உயரம் 1,377 மீட்டர். நம் ஜெராயைவிட 160 மீட்டர்தான் அதிகம். 1927ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் தேதி அந்த மலைமேல் பனியின் ஆழத்தை அளந்தார்கள். 11 மீட்டர் 82 சென்டிமீட்டர்! ஏறக்குறைய நான்கு மாடிக் கட்டடம் மூழ்கும் அளவு. வானிலை நிலையங்களில் அளந்து பதிவான பனி ஆழங்களில் உலகிலேயே மிக அதிகமானது இதுதான். இமயமலையிலும் இல்லை, ஆல்ப்ஸ் மலையிலும் இல்லை. ஜெராய் உயரமுள்ள ஒரு மலையில் இந்தச் சாதனை.

பிப்ரவரியில் நம் ஜெராய் எப்படி இருக்கும்? வறண்டிருக்கும். அருவிகளில் தண்ணீர் குறைந்திருக்கும். அடிவாரத் தோட்டங்களில் பால் மரங்கள் இலை கொட்டி நிற்கும். வியப்பான செய்தி என்னவென்றால், இபுக்கியில் பனியைக் கொட்டுவதும் ஜெராயை உலர்த்துவதும் ஒரே இடத்திலிருந்து கிளம்பும் குளிர்காற்றுதான்.

சைபீரியாவிலிருந்து வரும் காற்று

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சைபீரியாவின் தரை கடுமையாகக் குளிர்ந்து விடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது தரையோடு தேங்கி உயரழுத்தப் பகுதியாகிறது. குடம் நிரம்பினால் வழியும் அல்லவா? அதுபோல அந்தக் குளிர்காற்று வெளியே வழிகிறது. ஒரு கிளை கிழக்கே ஜப்பானை நோக்கிப் போகிறது. இன்னொரு கிளை சீனாவைக் கடந்து தென்சீனக் கடல் வழியாக நம் பக்கம் வருகிறது.

ஜப்பானுக்குப் போகும் கிளை வழியில் ஜப்பான் கடலைத் தாண்ட வேண்டும். அந்தக் கடலில் தெற்கிலிருந்து வரும் ஒரு வெப்ப நீரோட்டம் ஓடுகிறது. உறைநிலைக்கு மிகக் கீழே இருக்கும் காற்று, அதைவிட வெப்பமான கடலின்மேல் போகும்போது கடலிலிருந்து வெப்பத்தையும் நீராவியையும் அள்ளிக்கொள்கிறது. கரை ஏறியதும் எதிரே மலைத்தொடர். காற்று மேலே ஏறுகிறது, குளிர்கிறது, நீராவி பனியாகிக் கொட்டுகிறது. நீகாத்தா, தோயாமா போன்ற மாநிலங்கள் “பனி நாடு” என்று பெயர் பெற்றது இப்படித்தான். மலையைத் தாண்டி தோக்கியோ பக்கம் இறங்கும்போது காற்றில் ஈரம் மிச்சமில்லை. ஆகவே நீகாத்தாவில் வீட்டுக் கூரையிலிருந்து பனியை வாரிக் கொட்டும் அதே ஜனவரியில், தோக்கியோவில் நீல வானம், வெயில், வறண்ட காற்று. இரண்டுக்கும் இடையே இருப்பது ஒரு மலைத்தொடர்தான்.

நம் பக்கம் வரும் கிளையும் இதே வேலையைத்தான் செய்கிறது. பனிக்குப் பதில் மழை, அவ்வளவே. தென்சீனக் கடலில் நீராவியை ஏற்றிக்கொண்டு வடகிழக்குப் பருவக்காற்றாகக் கிளந்தான், திரெங்கானு கரையில் மோதுகிறது. தித்திவாங்சா மலைத்தொடரில் ஏறும்போது மழையைக் கொட்டி விடுகிறது. 2014 டிசம்பரில் கிளந்தானில் வந்த பெருவெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். அதன் பிறகு பிந்தாங் மலைத்தொடரையும் தாண்டித்தான் அந்தக் காற்று நம் கெடாவின் மேற்குக் கரைக்கு வர வேண்டும். வரும்போது அது பெரும்பாலும் காய்ந்த காற்று.

இதை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். ஈரம் நிறைந்த காற்று மேலே ஏறும்போது 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 5 டிகிரி குளிரும். அதில் உள்ள நீராவி நீர்த்துளியாகும்போது வெப்பத்தை வெளிவிடுவதால்தான் இவ்வளவு குறைவாகக் குளிர்கிறது. ஆனால் மழையைக் கொட்டிவிட்டு மறுபக்கம் இறங்கும் உலர்ந்த காற்று 1,000 மீட்டருக்கு 10 டிகிரி வெப்பமடையும். கிளந்தான் பக்கம் 26 டிகிரியில் கிளம்பும் காற்று 1,500 மீட்டர் ஏறினால் 18.5 டிகிரி. அங்கிருந்து நம் பக்கம் 1,500 மீட்டர் இறங்கினால் 33.5 டிகிரி. உண்மையில் கணக்கு இவ்வளவு சுத்தமாக அமையாது; காற்று வழியில் கலக்கும், எல்லா ஈரமும் கொட்டி விடாது. ஆனாலும் திசை சரி. ஏறும் பக்கம் நனையும், இறங்கும் பக்கம் காயும். இப்படிக் காயும் பக்கத்துக்கு மழை மறைவுப் பகுதி என்று பெயர்.

இதைக் கண்ணால் பார்க்க விரும்பினால் டிசம்பரில் பாலிங், கிரிக், ஜெலி வழியாகக் கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையில் கோத்தா பாரு போய் வந்தவர்களைக் கேளுங்கள். மேட்டைத் தாண்டியதும் வானத்தின் நிறமே மாறிவிடும் என்று சொல்வார்கள்.

“மழைக்காலம்” யாருடையது?

இங்கேதான் பலருடைய திட்டம் தவறுகிறது. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று என்று செய்தியில் கேட்டதும், நாடு முழுவதும் மழை என்று நினைத்துப் பயணத்தைத் தள்ளிப் போடுகிறோம். பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளுக்கு அது சரி. அந்த மாதங்களில் அங்கே பெரும்பாலான தங்குவிடுதிகள் மூடியிருக்கும். ஆனால் அதே சமயம் லங்காவியில் கூட்டம் அலைமோதும். ஒரே நாடு, ஒரே பருவக்காற்று, மலைத்தொடரின் இரண்டு பக்கம்.

நம் வீட்டில் இன்னொரு குழப்பமும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழை என்று பாட்டி சொல்வார். அது தமிழ்நாட்டு மழை. அங்கே வடகிழக்குப் பருவக்காற்று வங்காள விரிகுடாவின் ஈரத்தோடு வருகிறது. கெடாவிலும் ஐப்பசியில் மழை உண்டு, அதனால் பாட்டியின் சொல் பொருந்துவது போலத் தோன்றும். ஆனால் காரணம் வேறு. நமக்கு அப்போது பெய்வது, ஒரு பருவக்காற்று அடங்கி அடுத்தது தொடங்குவதற்கு இடைப்பட்ட மாற்றக் கால மழை.

அந்த மாற்றக் காலத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ஜெராய் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 5.8 டிகிரியில். ஆண்டில் இரண்டு முறை, ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும், நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. தரை நன்றாகச் சூடாகிறது. அதே காலத்தை ஒட்டி இரண்டு பருவக்காற்றும் வலுவிழந்து கிடக்கின்றன. சூடான ஈரக்காற்றை அடித்துக்கொண்டு போக ஆளில்லை. அது நேரே மேலே கிளம்புகிறது. பிற்பகலில் கருமேகம், இடி, மின்னல், கொட்டும் மழை. ஏப்ரல், மே ஒரு முறை. செப்டம்பர் முதல் நவம்பர் வரை இன்னொரு முறை. இரண்டாவதுதான் நமக்குப் பெரிய மழை. 2010 நவம்பர் தொடக்கத்தில் அலோர் ஸ்டார், பெர்லிஸ் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கியதும் இந்தக் காலத்தில்தான்.

ஆக கெடாவின் மேற்குப் பகுதிக்கு ஆண்டில் இரண்டு உலர்ந்த இடைவெளிகள் உண்டு. பெரியது ஜனவரி, பிப்ரவரி. சிறியது ஜூன், ஜூலை. அப்போது வீசும் தென்மேற்குப் பருவக்காற்றை சுமத்திரா தீவின் மலைகள் ஓரளவு மறிக்கின்றன. ஆனால் அந்த மாதங்களில் அதிகாலையில் மலாக்கா நீரிணையிலிருந்து “சுமத்திரா” என்று பெயர் பெற்ற புயற்காற்று வரிசை வந்து ஒரு மணி நேரம் ஆட்டிவிட்டுப் போவதுண்டு. மீனவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த நாள்காட்டி புதிதல்ல. பால் மரம் இலை கொட்டும் காலம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. மரம் தண்ணீரை மிச்சப்படுத்த இலையை உதிர்க்கிறது, பாலும் குறைந்துவிடும். மரம் பார்த்துச் சொல்லும் வானிலை அறிக்கை அது. தைப்பூசத்தன்று காவடி எடுத்தவர்களைக் கேட்டாலும் சொல்வார்கள், அன்று தார்ச் சாலை எப்படிச் சுடும் என்று. சாலையை நனைக்கத் தண்ணீர் லோரி வருவது சும்மா இல்லை.

ஆகவே என் பரிந்துரை: ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முடிய. விடியற்காலை குளிர்ச்சி, மழை குறைவு, பாதை வழுக்காது. டிசம்பர் விடுமுறையில் போகலாமா என்றால், மாதத்தின் பிற்பகுதி பரவாயில்லை, முற்பகுதியில் முன்னறிவிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மார்ச்சில் பாதை உலர்ந்திருக்கும், ஆனால் வெயிலை மறந்துவிடக் கூடாது. நமக்கு வடக்கே பெர்லிஸ் சூப்பிங்கில் 1998 ஏப்ரல் 9ஆம் தேதி பதிவான 40.1 டிகிரிதான் மலேசியாவின் உச்ச வெப்பநிலை. மலை மறைவில் கிடக்கும் வடமேற்கு மூலையில் அது பதிவானது தற்செயல் அல்ல. அந்தச் சமயத்தில் ஏறுபவர் ஒருவருக்குக் குறைந்தது 3 லிட்டர் தண்ணீர் வேண்டும். செப்டம்பர், அக்டோபரில் ஏறும் திட்டத்தை நான் ஆதரிப்பதில்லை. கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி என்பதால் அடுத்த மாநில நண்பர்களுக்கு ஞாயிறு வசதி என்று நாள் மாற்றுவார்கள். நாளை மாற்றுங்கள், மாதத்தை மாற்றாதீர்கள்.

கடிகாரம் சொல்லும் நண்பகல் வேறு

மாதம் முடிவாகிவிட்டது. இப்போது மணி.

நம் கடிகாரம் சூரியனைவிட முந்தி ஓடுகிறது. 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியா தன் நேரத்தை அரை மணி முன்னே தள்ளி சபா, சரவாக்கோடு ஒன்றாக்கிக்கொண்டது. இந்த நேரம் 120 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது. சுங்கைப் பட்டாணி இருப்பது ஏறத்தாழ 100.5 டிகிரியில். ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் 19.5 டிகிரிக்கு 78 நிமிடம். அதாவது சூரியன் உச்சிக்கு வருவது பகல் 12 மணிக்கு அல்ல, சராசரியாக 1.18க்கு. ஜனவரியில் சூரியன் உதிக்கவே ஏறத்தாழ ஏழரை ஆகிவிடும். “பத்து மணிதானே, இன்னும் நேரம் இருக்கிறது” என்று நினைப்பவருக்கு இது சாதகம். நம் பத்து மணி சூரியனுக்கு எட்டே முக்கால்தான். இடி மழை பொதுவாகப் பிற்பகல் மூன்று மணிக்குமேல் வருவதற்கும் இதுவே காரணம். தரை சூடாகி முடிக்கவே அவ்வளவு நேரம் ஆகிறது.

ஆனால் ஜெராய்க்கு ஒரு தனிக் குணம் உண்டு. அது கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. யான் கரையிலிருந்து பார்த்தால் மலை தலைக்குமேல் நிற்பது போலிருக்கும். காலை வெயிலில் கடலைவிடத் தரை சீக்கிரம் சூடாகிறது. தரைக் காற்று மேலெழ, அந்த இடத்தை நிரப்பக் கடல்காற்று உள்ளே வருகிறது. சூடான மலைச்சரிவும் காற்றை மேலே இழுக்கிறது. இரண்டும் சேர்ந்து ஈரக்காற்றை மலையின் மேல் ஏற்றுவதால், சமவெளியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே உச்சியில் மேகம் கூடிவிடும். சுங்கைப் பட்டாணியில் துணி காய்கிறது, ஜெராயில் மழை கொட்டுகிறது என்ற நிலை அடிக்கடி ஏற்படுவது இதனால்தான்.

மேகம் எவ்வளவு உயரத்தில் தொடங்கும் என்பதை நீங்களே வீட்டில் கணக்கிடலாம். எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுங்கள். பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு வெப்பமானியை உள்ளே வையுங்கள். ஐஸ் கட்டியைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்குங்கள். டம்ளரின் வெளிப்புறத்தில் முதல் முதலாக மங்கல் படரும் கணத்தில் வெப்பநிலையைக் குறியுங்கள். அதுதான் பனிப்புள்ளி, அந்த வெப்பநிலைக்குக் கீழே போனால் காற்று தன் நீராவியைத் தாங்க முடியாமல் துளியாக விட்டுவிடும். பிறகு நிழலில் காற்றின் வெப்பநிலையையும் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை 125ஆல் பெருக்கினால், மேகத்தின் அடிமட்டம் மீட்டரில் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, காற்று 32 டிகிரி, பனிப்புள்ளி 25 டிகிரி. வேறுபாடு 7. பெருக்கினால் 875 மீட்டர். ஜெராய் 1,217 மீட்டர். அப்படியானால் மேல் 340 மீட்டர் மேகத்துக்குள் இருக்கும். கீழே நின்று பார்த்தால் மலைக்குத் தொப்பி போட்டது போலத் தெரியும். உள்ளே இருப்பவருக்கு அது அழகல்ல. பத்து மீட்டர் தள்ளி இருப்பவர் தெரிய மாட்டார், சட்டை நனைந்துவிடும், காற்று அடிக்கும். 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி வீதம் குறையும் என்ற பாடக் கணக்குப்படி உச்சி அடிவாரத்தைவிட 7 அல்லது 8 டிகிரி குளிராக இருக்கும். நனைந்த உடம்புக்கு அந்த வேறுபாடு போதும், பல் தந்தியடிக்க.

பிப்ரவரியில் அதே சோதனையைச் செய்யுங்கள். காற்று 33, பனிப்புள்ளி 21 என்று வந்தால் மேகம் 1,500 மீட்டருக்குப் போய்விடும். உச்சி வெளியே தெரியும். நான் மேலே சொன்ன சைபீரியக் காற்றின் வறட்சியை உங்கள் டம்ளரிலேயே அளந்துவிட்டீர்கள்.

இப்போது நடைக் கணக்கு. ஸ்காட்லாந்து மலையேறி நைஸ்மித் 1892இல் ஒரு விதி சொன்னார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி. 6 கிலோமீட்டர் பாதையில் 1,000 மீட்டர் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். நடைக்கு 1.2 மணி, ஏற்றத்துக்கு 1.7 மணி, மொத்தம் ஏறத்தாழ 3 மணி. அது குளிர் நாட்டுக் கணக்கு. நம் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும், கூட வரும் மாணவர்களுக்கும் ஒன்றரை மடங்கு போடுங்கள்: நாலரை மணி. காலை ஏழரைக்குக் கிளம்பினால் மேலே சேர பகல் 12 மணி. இறங்க மூன்று மணி நேரம் என்றால் பிற்பகல் 3 மணி. சரியாக இடி மழை நேரம்!

பார்த்தீர்களா, மாதமும் மணியும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்று? ஜனவரியில் அந்த 3 மணி பெரும்பாலும் வெறும் வெயில். அக்டோபரில் அது மின்னல். அதனால்தான் மாற்றக் காலத்தில் கால்நடையாக உச்சி வரை போகும் திட்டமே கூடாது என்கிறேன். எந்த மாதமானாலும் திரும்பும் மணி ஒன்றைக் கிளம்பும் முன்பே எழுதி வையுங்கள். பாதி வழியில் இருந்தாலும் அந்த மணி வந்தால் திரும்பிவிட வேண்டும். “இன்னும் கொஞ்சம்தான்” என்று சொல்லும் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். அவரைக் கடைசியில் நடக்கச் சொல்லுங்கள்.

ஆறு சொல்லும் செய்தி

இதுவரை சொன்னது சராசரி. சராசரி என்பது நூறு நாளில் எத்தனை நாள் என்று சொல்லும்; இன்று என்ன என்று சொல்லாது.

2021 ஆகஸ்ட் 18ஆம் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் நமக்குப் பெரிய மழை மாதம் அல்ல. அன்று ஜெராய் மலைமேல் கனமழை பெய்தது. சரிவுகளில் மண் சரிந்தது. மண்ணும் பாறையும் மரங்களும் தண்ணீரோடு சேர்ந்து ஆறுகளில் பாய்ந்து யான், மெர்போக் பகுதிகளைத் தாக்கின. தித்தி ஹாயுன், துப்பா போன்ற, நாம் குடும்பத்தோடு குளிக்கப் போகும் இடங்கள் உருத்தெரியாமல் போயின. உயிர்களும் போயின. அடுத்த ஆண்டு ஜூலை 4ஆம் தேதி பாலிங், கூப்பாங் வட்டாரத்தில் கம்போங் ஈபோயில் குனோங் ஈனாஸ் மலையிலிருந்து அதுபோன்ற வெள்ளம் இறங்கியது. 3 பேர் இறந்தனர். ஜூலையோ நம் சிறிய உலர்ந்த இடைவெளி. நாள்காட்டி மட்டும் போதாது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

மலாய் மொழியில் இதை “கெபாலா ஆயர்” என்பார்கள், நீரின் தலை. மழை பெய்வது மேலே, வெள்ளம் வருவது கீழே. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம்.

எவ்வளவு தண்ணீர் என்று பாருங்கள். மலைமேல் 2 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை. நம் ஊர் இடி மழைக்கு இது அதிசயம் அல்ல. 20 இலட்சம் சதுர மீட்டரை 0.05 மீட்டரால் பெருக்குங்கள். ஓர் இலட்சம் கன மீட்டர்! ஒலிம்பிக் நீச்சல் குளம் ஒன்று 2,500 கன மீட்டர் கொள்ளும். 40 குளங்கள். செங்குத்தான, பாறையான சரிவில் மண் இதை முழுவதும் உறிஞ்சிக்கொள்ள முடியாது. பெரும் பகுதி குறுகிய ஓடைக்குள் வந்து சேரும். வழியில் விழுந்த மரம் அணைபோல் தடுத்து, பிறகு உடைந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் வரும். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை என்பதை நினைவில் வையுங்கள். முழங்கால் அளவு ஓடும் வெள்ளமே பெரியவர் ஒருவரைச் சாய்த்துவிடும்.

அருவியில் குளிக்கும்போது நான்கு காரியங்களைக் கவனிக்கச் சொல்வேன். தெளிந்த நீர் திடீரென்று கலங்குகிறதா? இலையும் குச்சியும் வழக்கத்துக்கு மேல் மிதந்து வருகின்றனவா? நீர்மட்டம் சட்டென்று ஏறுகிறதா, அல்லது காரணமில்லாமல் இறங்குகிறதா? மேலேயிருந்து லோரி ஓடுவது போல் இரைச்சல் கேட்கிறதா? ஒன்று இருந்தாலும் உடனே வெளியேறுங்கள். பாத்திரம், துணி, கைப்பேசி எதற்கும் திரும்ப வேண்டாம். ஆற்றின் போக்கில் கீழே ஓடக் கூடாது. பக்கவாட்டில் மேட்டுக்கு ஏற வேண்டும். வந்ததும் முதல் வேலையாக அந்த மேடு எது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களில் ஒருவர் தண்ணீரில் இறங்காமல் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கட்டும். கோழி வறுவல் அவர் பொறுப்பில் இருந்தால் மறுக்க மாட்டார்.

மின்னலுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒளி தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி 3 வினாடியில் ஒரு கிலோமீட்டர் போகும். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. திறந்த பாறையையும் தனி மரத்தையும் விட்டு இறங்குங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே மறுபடி வெளியே வரலாம்.

கிளம்புவதற்கு முந்தைய இரவும் அன்று காலையும் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் முன்னறிவிப்பைப் பாருங்கள். அவர்களுடைய மைசுவாச்சா செயலியில் இடி மழை எச்சரிக்கை வரும். அதோடு முந்தைய இரண்டு நாள் மலைமேல் மழை பெய்ததா என்றும் விசாரியுங்கள். ஏற்கெனவே நனைந்து நிறைந்த மண்தான் சரியும். ஜெராய் வனக் காப்பகம் என்பதால், கால்நடைப் பாதைக்கு அனுமதி தேவையா, பாதை திறந்திருக்கிறதா என்று வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஜப்பானுக்குச் சுற்றுலா போகும் வாசகர்கள் இப்போது நிறைய இருப்பதால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. இதே முறைதான் அங்கும். மலையின் எந்தப் பக்கம் போகிறோம், காற்று எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். பனி வேண்டுமானால் ஜனவரி, பிப்ரவரியில் ஜப்பான் கடல் பக்கம். பனிச் சுவர்களுக்கு நடுவே நடக்க வேண்டுமானால் தாத்தேயாமா மலைப்பாதை; குளிர்காலம் முழுவதும் மூடியிருந்து ஏப்ரல் நடுவில்தான் திறக்கும். பனி அதிகமான ஆண்டில் அந்தச் சுவர் 20 மீட்டர் உயரம் வரை நிற்கும். பூஜி மலை ஏறும் பருவமோ ஜூலையிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரைதான். விமானச் சீட்டு மலிவாகக் கிடைத்த மாதம் மலைக்கு ஏற்ற மாதமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

செய்து பாருங்கள்

1. காலை 8, 11, பிற்பகல் 2, மாலை 5 மணிக்கு ஜெராய் உச்சி தெரிகிறதா என்று இரண்டு வாரம் குறித்து வாருங்கள். எந்த மணியில் உச்சி அடிக்கடி மறைகிறது?

2. காற்று 31 டிகிரி, பனிப்புள்ளி 23 டிகிரி. மேகத்தின் அடிமட்டம் எவ்வளவு? 900 மீட்டரில் நிற்பவர் மேகத்துக்குக் கீழே இருப்பாரா, உள்ளே இருப்பாரா?

3. 3 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மணி நேரத்தில் 60 மில்லிமீட்டர் மழை. எத்தனை கன மீட்டர்? எத்தனை நீச்சல் குளம்?

4. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 12 வினாடி. எவ்வளவு தூரம்? அடுத்து என்ன செய்வீர்கள்?

விடைகள்: (2) 1,000 மீட்டர், கீழே. (3) 1,80,000, 72. (4) 4 கிலோமீட்டர். இரண்டாம் பாதிக்கு விடையை உங்கள் குழுவினரிடம் கேட்டுப் பாருங்கள்.